சாமிக்குச் சொல்லிவிட்ட முடி

திருத்தணிக்காரன் மொட்டை போட்டுக்கொள்வது அபூர்வம். அது வெளியூர்க்காரர்களின் வேலை. சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். முடியோடு மலை ஏறுவார்கள், சந்தனத்தோடு இறங்குவார்கள். நாங்கள் கீழே டீக்கடையில் உட்கார்ந்து, இறங்கி வருகிற மொட்டைகளில் எது வட்டம், எது கோழிமுட்டை என்று தரம் பிரித்துக்கொண்டிருப்போம்.

எனக்குச் சின்ன வயதில் காது குத்தும்போது ஒருமுறை போட்டார்கள். முப்பது வயதுக்கு மேல் இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன். அந்த இரண்டாவது மொட்டையைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. அதற்குக் காரணம் முருகன் அல்ல, எங்கள் ஊர்க் கேபிள்காரர்.

அவருக்குச் சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. பகலில் பழைய படம், சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்து, நடுநடுவே பாத்திரக்கடை விளம்பரம். யாராவது செத்துப்போனால் அதே பாத்திரக்கடை விளம்பரத்துக்குக் கீழே இரங்கல் ஓடும். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட, கரண்ட் யார் வீட்டுக்கும் ஒழுங்காக வராத வருடங்கள் அவை. அப்போதுதான் அவர் ஹிந்திச் சேனல் ஒன்றில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். ஒரு பெரிய வீட்டுக்குள் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்துவைத்து, அவர்கள் சண்டை போடுவதையும் காதலிப்பதையும் ராத்திரி பகலாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அவருக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால்தான் அவ்வளவு பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

“பாஷையே தேவையில்லப்பா. கத்திகினே இருக்காங்க. அப்பால அழுவுறாங்க. அப்பால கட்டிப் புடிச்சிக்கறாங்க. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆளா இல்ல?” என்று என் கடையில் வந்து கேட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். கல்யாணங்களில் மிமிக்ரியும் செய்வேன். ஆக, ஊரில் விளையாட்டுப்பிள்ளை யார் என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள்.

வீட்டுக்கு அவர் அலையவில்லை. மார்கழி மாதம், முகூர்த்தம் கிடையாது. அரக்கோணம் ரோட்டில் அவருடைய மாமனாரின் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆண்களுக்கு மாப்பிள்ளை அறை, பெண்களுக்கு மணப்பெண் அறை. சமையலறை பெரியது, எவ்வளவு பேர் வேண்டுமானாலும் அதில் சண்டை போடலாம். ரிசப்ஷன் மேடையில் இருந்த இரண்டு சிம்மாசனங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதில் உட்கார்ந்துதான் மனதில் இருப்பதை கேமராவிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பின்னால் முந்தின கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் ஒட்டியிருந்தன. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் உரித்தவர்கள், நடுவில் இருந்த ‘வெட்ஸ்’ என்ற வார்த்தையை உரிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டார்கள். நிகழ்ச்சி முழுக்க நாங்கள் யாரைப் பற்றிக் குறை சொன்னாலும் அந்த வார்த்தைக்குக் கீழே உட்கார்ந்துதான் சொன்னோம்.

ஹிந்திக்காரர்களிடமிருந்து ஒரே ஒரு மாற்றம். பெண்கள் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வருவார்கள். இதற்குச் சம்மதிக்காமல் ஊரில் ஒரு பெண்ணும் கிடைத்திருக்க மாட்டாள். வெளி உலகத் தொடர்பே இல்லாத வீடு என்று விளம்பரம் செய்துவிட்டு, தினமும் பாதி வீடு வெளி உலகத்துக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தது.

மொத்தம் ஐந்து பேர். திருப்பதி ரூட்டில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்தின் மருமகள், கல்யாணங்களுக்குப் பலகாரம் போட்டுத் தருகிற ஒரு மாமி. ஜிம் வைத்திருந்த ஒரு வாலிபர், அழகன், ஒரு கையில் என்னைத் தூக்கக்கூடியவர். நான். அப்புறம் அவர்கள்.

அவர்கள் என்றால், கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். ஊர் அம்மையார்குப்பம். அப்பாவுக்கு நாலு தறி. வேலைக்காகத் திருத்தணியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார்கள். வாரம் ஒருமுறை என் கடைக்கு ரீசார்ஜுக்கு வருவார்கள். நம்பரைச் சொல்வார்கள். நான் போடுவேன். மெசேஜ் வந்ததும் “வந்துடுச்சி” என்பார்கள். இரண்டு வருடமாக எங்கள் உறவு இந்த அளவில் இருந்தது. பரிசாக வைத்திருந்த வெட் கிரைண்டருக்காக அவர்கள் நிகழ்ச்சியில் சேர்ந்திருப்பதாகக் கேபிள்காரர் சொன்னார். எனக்கும் மாவரைப்பதில் திடீரென்று ஆர்வம் வந்தது.

ஹிந்தி வீட்டில் சண்டை வர மூன்று நாள் ஆனதாம். எங்களுக்கு முதல் காப்பியிலேயே வந்துவிட்டது. கண்டக்டர் விசிலோடு வந்திருந்தார். வேலை போனாலும் விசில் போகவில்லை. காப்பி நேரத்துக்கு வராவிட்டால் ஒரு விசில், எல்லோரும் உட்கார்ந்ததும் இரண்டு விசில். மாமி முதல் விசிலுக்கே கரண்டியோடு வெளியே வந்தார்.

“யாருக்கு ஊதறேள்?”

“லேட்டாவுதில்ல, அதான். டைம்னு ஒண்ணு இருக்குதும்மா.”

“டைமுக்கு வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போய் குடிங்கோ. எங்காத்து மனுஷா மலைமேல சாமிக்கே சமைக்கறா. சாமி விசில் அடிச்சதில்ல.”

மறுநாள் விசிலைக் காணவில்லை. மாமி அதைப் புளிப் பானைக்குள் போட்டுவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், கண்டக்டரைத் தவிர. அவர் விசில் கிடைக்கும்வரை உண்ணாவிரதம் என்று சிம்மாசனத்தில் உட்கார்ந்து அறிவித்தார். அறிவித்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர் டீக்கடையில் பன் வாங்கித் தின்றார். இரண்டையும் கேபிள்காரர் அடுத்தடுத்து ஒளிபரப்பினார். ஊர் கொண்டாடியது. சாயங்கால ஒளிபரப்பு நேரத்தில் பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகை டீக்கடைகளில்கூட உட்கார இடம் இல்லை என்று ஜன்னல் வழியாகத் தகவல் வந்தது. எங்கள் வெளி உலகத் தொடர்பு முழுக்க அந்த ஜன்னல்தான்.

சண்டை கிடைத்துவிட்டது. காதல்தான் பாக்கி. அதற்கு ஜிம் வாலிபரையும் டீச்சரையும் குறித்து வைத்திருந்தார் கேபிள்காரர். என்னைச் சிரிப்புக்கு வைத்திருந்தார். மண்டபத்தின் ஒலிபெருக்கியில்தான் அவர் கட்டளைகள் வரும். அவருக்கு மார்கழிப் பனியில் ஜலதோஷம் பிடித்திருந்ததால் கடவுளின் குரல் தும்மலோடுதான் ஒலிக்கும்.

“டீச்சர் தண்ணி இழுக்கறாங்க. யாராவது போய் ஹெல்ப் பண்ணுங்கப்பா,” என்றது ஒருநாள் குரல். யாராவது என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜிம் வாலிபர் எழுந்து போனார். குடத்தைத் தூக்கியிருந்தால் போதும். அவர் தண்ணீர் நிரம்பிய டிரம்மையே தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்தார். கை நரம்பெல்லாம் கேமராவில் நன்றாக விழுந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

“ரொம்ப தேங்க்ஸ் அண்ணா.”

ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் தும்மல். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஒருவனை நாலு பேர் எதிரில் அண்ணா என்றுவிட்டால் விவகாரம் முடிந்தது. அப்பீல் கிடையாது. அவளுக்குக் கல்யாணம் நடக்கும்போது அவன் பந்தியில் சாம்பார் வாளி தூக்க வேண்டியதுதான். ஜிம் வாலிபரின் அம்மா வீட்டில் தெலுங்கு. டீச்சர் வீட்டிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அதை வைத்து, டீச்சர் தன்னை முறைப்பையனாக்கிப் பாவா என்று கூப்பிடும் ஒரு நாளை அவர் கற்பனை செய்திருந்ததாக அன்று மாலை என்னிடம் சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு என் கவலை தொடங்கிவிட்டது.

ஏனென்றால் டீச்சர் என்னை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’ கூட இல்லை. “உப்பு எங்கே?” என்று காற்றைப் பார்த்துக் கேட்பார்கள். நான் காற்றின் சார்பில் எடுத்துக் கொடுப்பேன். இது நல்லதா கெட்டதா என்று அதுவரை யோசித்ததில்லை. இப்போது யோசித்தேன். கண்டக்டரை ‘சார்’ என்றாகிவிட்டது. மாமியை ‘மாமி’ என்றாகிவிட்டது. ஜிம் வாலிபர் கதை முடிந்துவிட்டது. பாக்கி நான் ஒருவன்தான். ஏதோ ஒரு வேலையாக நான் எதிரில் போக, அவர்கள் நிமிர்ந்து பார்க்க, அந்த வார்த்தை வந்து விழப்போகிறது. அன்றிலிருந்து அவர்களுக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது என்று தீர்மானித்தேன். அவர்கள் கையில் கனமாக எதையாவது பார்த்தால் ஓடிப்போய்க் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டேன். எனக்கு வயிறு சரியில்லை என்று மாமி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதுவும் ஒளிபரப்பானது.

இப்படி எத்தனை நாள் ஓட முடியும்? ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஒலிபெருக்கி கர்ரென்று இருமிவிட்டு ஓய்ந்தது. எல்லோரும் காற்றுக்காக வாசல் பக்கம் போனார்கள். நான் மட்டும் பாத்திர அறைக்குள் போனேன். கல்யாண அண்டாக்களுக்கு மேலே வள்ளி தெய்வானையோடு முருகன் காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது.

மூலையில் முக்காலி போட்டு ஒரு கேமராவும் நின்றிருந்தது. ஒளித்துவைத்த கேமரா என்று நான் யார் மேலும் பழி போட முடியாது. கண்டக்டர் விசிலைத் தேடி அடிக்கடி அங்கே வருவதால் அதை வைத்திருந்தார்கள், எனக்கும் தெரியும். ஃபேனே நின்றுவிட்டது, கேமரா மட்டும் எப்படி ஓடும் என்பது என் விஞ்ஞானம். அதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்றால், முக்காலியில் துண்டைத் தொங்கவிட்டேன். லென்ஸில் முகம் மங்கலாகத் தெரிந்தது. குனிந்து அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன். பிறகு காலண்டர் பக்கம் திரும்பினேன்.

“முருகா, நான் உள்ளூர்க்காரன். இத்தினி வருசத்துல உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. வெளியூர்க்காரங்களுக்கே செஞ்சிகினு இருக்கிறே, சரி, நான் எதுவும் சொல்லல. இப்ப ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர் டீச்சர் இருக்காங்க இல்ல, அவங்க வாய்லருந்து என்னைப் பாத்து அண்ணான்னு வந்துடக்கூடாது. அதுக்குப் பதிலா சரின்னு ஒரு வார்த்தை வந்திச்சின்னா, படியேறி வந்து மொட்டை போட்டுக்கறேன். இந்த முடி உன்னுது. சுருட்டை முடி, நீயே பாரு.”

தலையைக் குனிந்து காலண்டருக்குக் காட்டினேன். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மனசு லேசாக இருந்தது. அன்று சாயங்காலம் டீச்சர் கிளம்பும்போது அவர்களுடைய குடையைக்கூடத் தைரியமாக எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாண வீடியோ எடுக்கிறவன் பேட்டரி இல்லாமல் வருவானா? தாலி கட்டும்போது கரண்ட் போய்விட்டால் மறுபடி கட்டச் சொல்வானா? இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைத்தது மறுநாள் காலையில். எத்தனையோ கல்யாண மேடைகளில் மிமிக்ரி செய்தவன் நான். எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது. ஒருமுறைகூட அந்த கேமரா நின்றதில்லை.

காலையில் ஜன்னலைத் திறந்ததும் பூக்காரம்மா நின்றிருந்தார்.

“தம்பி, மொட்டை எப்போ? சந்தனம் என் கணக்கு.”

“யாருக்கும்மா மொட்டை?”

அவர் சிரித்துக்கொண்டே போனார். எதிர் டீக்கடையில் ஒரு கூட்டம். டீ மாஸ்டர் கிளாஸைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, நன்றாகக் குரலை மாற்றி, “இந்த முடி உன்னுது. சுருட்டை முடி, நீயே பாரு,” என்றார். ஊரில் எல்லோருடைய குரலையும் நான் எடுத்திருக்கிறேன். என் குரலை இன்னொருவர் எடுத்து அன்றுதான் கேட்டேன். நன்றாகவே எடுத்தார்.

முந்தின நாள் ஒளிபரப்பில் முதல் காட்சியே அதுதானாம். நான் லென்ஸில் தலை வாரியதால் முகம் டிவி நிறைய வந்ததாம். மூக்கு முடிவரை தெரிந்தது என்று டீ மாஸ்டர் விளக்கினார். ஊர் பார்த்தது ஒரு பக்கம். டீச்சர் சாயங்காலம் போனது சித்தி வீட்டுக்கு. சித்தி வீட்டில் டிவி இருக்கிறது. அம்மையார்குப்பத்துக்கும் நம் கேபிள்காரரின் மச்சான்தான் கேபிள் இழுத்திருக்கிறார். அங்கே அவர்களுடைய நைனா இருக்கிறார்.

மாப்பிள்ளை அறைக்குப் போய்ப் படுத்துப் போர்த்திக்கொண்டேன். பின்பக்கச் சுவரை ஏறிக் குதிக்கலாமா என்று பார்த்தேன். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. கல்யாண மண்டபத்துக்கு எதற்குச் சில்லு என்று அதுவரை கேட்டதில்லை. மாப்பிள்ளைகளுக்காக இருக்கலாம்.

வழக்கமாக டீச்சர் தனியாக நடந்து வருவார்கள். அன்று டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார்கள், ஓட்டியவர் அவர்களுடைய நைனா. வண்டியை ஸ்டாண்ட் போட்டார். ஒல்லி மனிதர், தோளில் துண்டு. விடியற்காலையிலேயே அம்மையார்குப்பத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். ஜன்னலுக்கு அருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, அதற்கு மேலே. துணி எடுக்கிறவர் கைத்தறிச் சேலையின் நெசவைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

“அடர்த்தியாத்தான் இருக்குது,” என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் உள்ளே வந்து காய் நறுக்க உட்கார்ந்தார்கள். அன்று முழுக்க என்னிடம் கேட்டது ஒன்றுதான். “உப்பு எங்கே?” அதையும் காற்றைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

என்னுடைய மானம் போனதில் ஒரு நன்மை நடந்தது. கண்டக்டரும் மாமியும் பேச ஆரம்பித்தார்கள், என் முடியைப் பற்றி.

“சாமிக்கு சொல்ட்டாம்பா. போட்டுத்தான் ஆவணும்,” என்றார் கண்டக்டர்.

“எப்படிப் போடுவான்? காரியம் நடந்தாத்தானே வேண்டுதல்? அவ இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

“அப்ப சாதாரணமா வெட்டிக்கலாமா?”

“அது கூடாது. சாமிக்குன்னு சொல்லிட்டா அப்பறம் கத்திரி படப்படாது. அது அவர் சொத்து. பதில் தெரியறவரைக்கும் அப்படியேதான் இருக்கணும்.”

கோயில் குடும்பத்து மாமி சொன்னால் சொன்னதுதான். கண்டக்டர் தலையாட்டினார். அந்தச் சந்தோஷத்தில் மாமி புளிப் பானையிலிருந்து விசிலை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். நிகழ்ச்சி முடியும்வரை அந்த விசிலை ஊதும்போதெல்லாம் கண்டக்டருக்கு வாய் புளித்தது.

தை முதல் வாரம் மண்டபத்தில் முகூர்த்தம் இருந்ததால் போகிக்கு முன்பே நிகழ்ச்சியை முடித்தார்கள். ஊர் போட்ட ஓட்டில் ஜிம் வாலிபருக்குக் கிரைண்டர் விழுந்தது. அண்ணா என்று சொல்லக் கேட்டவன் மேல் ஊருக்கு இரக்கம். அவர் அதை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டிவிட்டு எடுத்துப் போனார்.

நான் கடைக்குத் திரும்பினேன். முடி வளர்ந்தது.

சலூனுக்குப் போனேன். காலேஜ் காலத்திலிருந்து எனக்கு வெட்டுகிறவர் நாற்காலியைக் கையால் மறைத்துக்கொண்டார். “வேணாம்பா. சாமி முடியில கத்திரி வெச்சேன்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சி?” என்றார். எந்தக் கேள்விக்கும் கடைசியில் அந்தக் கேள்விதான் வால். ரீசார்ஜுக்கு வருகிறவர்கள் நம்பரைச் சொல்வதற்கு முன் என் தலையைப் பார்ப்பார்கள். முடி இருக்கிறது, ஆக இன்னும் பதில் வரவில்லை. ஊருக்கு என் தலைதான் நோட்டீஸ் போர்டு. மாசி போனது, பங்குனி போனது. முடி காதைத் தாண்டியது, சட்டைக் காலரைத் தொட்டது. சித்திரை வெயிலில் உச்சியில் பன் கொண்டை போட ஆரம்பித்தேன். பேருந்தில் ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மொட்டையைச் சும்மாவாவது போட்டுத் தொலைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நான் மொட்டையோடு தெருவில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாததைச் சொன்னதாக ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் தண்டோரா போட்டதுபோல ஆகிவிடும். முடியை வைத்திருந்தால் என் மானம் போகிறது, எடுத்தால் அவர்கள் மானம் போகிறது. என் மானம்தான் ஏற்கெனவே போய்விட்டதே என்று கொண்டையை இறுக்கிக்கொண்டேன்.

டீச்சர் வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நம்பர் சொல்வார்கள். நான் போடுவேன். “வந்துடுச்சி.” போவார்கள். அண்ணா என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வேண்டுதலில் முதல் பாதியை மட்டும் முருகன் சாங்ஷன் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், டி.வி.எஸ். ஃபிஃப்டி என் கடை வாசலில் நின்றது. டீச்சருடைய நைனா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் செல்போன் கவர்களைப் பார்த்தார்.

“தம்பி, கிருத்திகைக்கு எத்தினி சனம் வரும்?”

“சொல்ல முடியாதுங்க. காவடியே லட்சக் கணக்குல வருமே.”

“அல்லாரும் மொட்டை போடுவாங்க இல்ல?”

“ஆங், போடுவாங்க.”

“அந்தக் கூட்டத்தோட கூட்டமா நீயும் போட்டுகினு வந்துடு. ஊர் பூரா மொட்டையா இருக்கும். உன்னுது எதுக்குன்னு எவனும் கேக்க மாட்டான். உனக்கும் பாரம் தீந்துடும், எங்களுக்கும் தீந்துடும்.” எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “உன்மேல கோவம் இல்லப்பா. தறியில உக்காந்தா பக்கத்து வீட்டுக்காரன் தினிக்கும் கேக்கறான், மொட்டை ஆச்சான்னு. அதான்.”

நியாயமான மனிதர். நியாயமான யோசனை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டையைத் தடவிப் பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டுக்கொண்டு வந்தால் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பாரம் தீர்ந்த பிறகு அந்த நைனாவுக்கு என் கடை வாசலில் வண்டியை நிறுத்த ஒரு காரணமும் இருக்காது. டீச்சருக்கும் வேறு கடையில் ரீசார்ஜ் கிடைக்காமல் போகாது.

கிருத்திகைக்கு முன் நாள். பஸ் நிலையம் முழுக்க மஞ்சள் வேட்டியும் காவடியும் அரோகரா சத்தமும். அந்த நெரிசலில் டீச்சர் வந்தார்கள். அது ரீசார்ஜ் நாள் இல்லை.

“நாளைக்கு மொட்டை போட்டுக்கப் போறீங்களா?” காற்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

“இல்லைங்க.”

“நைனா வந்து சொன்னாராமே.”

“சொன்னாருங்க. ஆனா அது ஏமாத்து வேலை இல்லீங்களா? நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு?”

எனக்குப் புரியவில்லை. ஊர், நாடு, அம்மையார்குப்பம், எல்லோரும் பார்க்கக் கேட்டாகிவிட்டதே என்று நின்றேன்.

“முருகனைக் கேட்டீங்க. கேமராவைப் பாத்துத் தலை வாரிகினு டிவியில கேட்டீங்க. எங்க நைனாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், பூக்காரம்மாவுக்குத் தெரியும். ஏழு மாசமா வாராவாரம் வந்து நிக்கறேன். நம்பரைக் கேட்டு ரீசார்ஜ் போட்டுக் குடுக்கறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நான் எத்தனை மேடை ஏறியிருப்பேன். மைக் கிடைத்தால் விடாதவன். அன்று கல்லாவை இழுத்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். வெளியே மேளம் அடித்துக்கொண்டு ஒரு காவடிக் கூட்டம் போனது. அது போகும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். எனக்கு அது உதவியாக இருந்தது. மேளம் ஓய்ந்ததும், என் சொந்தக் குரலில், அது எனக்கே கொஞ்சம் அந்நியமாகத்தான் கேட்டது, கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என் வாழ்க்கையில் ஒளிபரப்பாகாத ஒரே விஷயம் அதுதான், அப்படியே இருக்கட்டும்.

டீச்சர் பர்ஸை மூடினார்கள்.

“நாளைக்கு வேணாம். கூட்டம். ஆவணியில ஒரு கிருத்திகை வரும், அன்னிக்குப் போடுங்க. நாலு பேர் கண்ணுக்கு நல்லாத் தெரியட்டும்.”

அப்படியே செய்தேன். ஆவணிக் கிருத்திகை அன்று காலையில் படியேறினேன். முடி எடுக்கும் மண்டபத்தில் கூட்டம் இல்லை. உட்கார்ந்ததும், தண்ணீர் தெளித்துக் கத்தியைப் பிடித்தவர் என் கொண்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“காலண்டர்காரர்தானே நீங்க?”

“ஆங்.”

“அந்தம்மா சொல்ட்டாங்களா?”

“சொல்ட்டாங்க.”

“சரி, குனிங்க.” பக்கத்தில் முடி எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் திரும்பி, “சொல்ட்டாங்களாம்பா,” என்றார். இரண்டு பேர் பாதித் தலையோடு திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சுருட்டையெல்லாம் மடியில் வந்து விழுந்தது. சந்தனம் பூசிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு, படி இறங்க ஆரம்பித்தேன். தலையில் காற்று பட்டது. அங்கேதான் மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. கீழே பூக்காரம்மா இருப்பார், டீ மாஸ்டர் இருப்பார், கோழிமுட்டையா வட்டமா என்று தரம் பிரிக்கிற என் நண்பர்கள் இருப்பார்கள். இத்தனை மாதம் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். படியோரம் மொட்டைகளுக்கென்று விற்கிற துணித்தொப்பிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீலத்தில் ஒன்றை வாங்கி, காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பாதி வழியில் செல்போன் அடித்தது. டீச்சர்.

“போட்டுகினீங்களா?”

“ஆச்சிங்க.”

“தொப்பி வாங்கினீங்களாமே. நீலக் கலரு.”

திரும்பிப் பார்த்தேன். தொப்பிக்காரர் என்னைப் பார்க்காமல் தூரத்து ஆந்திர மலைகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

“கழட்டுங்க.”

கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.